முதலிடுவோர் வினவும் சில வினாக்கள்

திருவண்ணாமலையில் பொருளுடையோர் தம் பொருளை நெடுங்காலமாக நிலத்திலும், பொன்னிலும், சீட்டிலும், வட்டிக்கடையிலுமே வைத்து வந்தனர். அஞ்சலகச் சேமிப்பும் பாங்கிக் கணக்கும் பின்னர் வந்து சேர்ந்தன. பங்கு வாங்குதல் என்பது சென்னையிலும் பம்பாயிலும் வாழ்வோர்க்கு உரிய செயலாகவே கருதப்பட்டது. 1920ஆம் ஆண்டில் தோன்றிச் சின்னாளில் நலிந்து, 1937இல் மீண்டும் எழுந்த சென்னைப் பங்குச் சந்தை 2015ஆம் ஆண்டில் மூடப்பெற்றது. ஆயினும் அதனால் நம்மூரார்க்குக் குறை ஒன்றும் நேர்ந்திலது. தேரடி வீதியில் பூக்கடையில் அமர்ந்திருப்போரும் கைப்பேசியின் வாயிலாகப் பம்பாய்ச் சந்தையில் வாங்கவும் விற்கவும் வல்லவராயினர். வழி இங்ஙனம் எளிதாகிவிட்டபடியால், வினாக்களும் பெருகின.

அவ்வினாக்களுள் முதலாவது யாதெனின், "எந்தப் பங்கை வாங்கினால் ஆறு திங்களில் இரட்டிக்கும்?" என்பதே. இதற்கு விடை கூறுவோர் பலர் உளர். அவர் கூற்றை நம்பி நடந்தோரும் பலர் உளர். அவ்விடையை அறிந்தவர் அதனைப் பிறர்க்கு விற்றுப் பிழைக்க வேண்டிய நிலையில் இருக்கமாட்டார் என்பது சிறிது சிந்திப்பார்க்குப் புலனாகும். ஆதலின் அவ்வினாவை விடுத்து, அதற்கு முன்னரே கேட்கத்தக்கனவும் பெரும்பாலும் கேட்கப்படாதனவுமாகிய சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

நாம் ஒருவரிடம் பணத்தைக் கொடுக்கும்போது அவருக்குக் கடன் கொடுத்தவராகின்றோமா, அன்றி அவருடைய தொழிலில் பங்காளியாகின்றோமா? கடன் கொடுத்தவர்க்குக் குறித்த வட்டி உண்டு. முதலைத் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு. தொழில் எத்துணை ஓங்கி வளரினும் வட்டிக்கு மேல் ஒரு காசும் அவர்க்கு இல்லை. பங்காளியின் நிலையோ வேறு. கூலி, வரி, கடன், வட்டி ஆகிய அனைத்தும் தீர்ந்தபின் எஞ்சியிருப்பது எதுவோ அதுவே அவருடையது. எஞ்சியது மலையளவாயின் அவர்க்கும் அதில் கூறு உண்டு. ஒன்றும் எஞ்சவில்லையாயின் அவர் கேட்பதற்கு இடமில்லை. பங்கு என்னும் சொல்லின் முழுப்பொருளும் இதுவே. பாங்கியில் பணம் வைத்தவர் அப்பாங்கிக்குக் கடன் கொடுத்தவர். அதே பாங்கியின் பங்கை வாங்கியவர் அதன் பங்காளி. ஒரே கட்டடத்தின் பெயரை நம்பி இருவரும் பணம் கொடுத்திருப்பினும், கேடு வருங்கால் இருவர் கதியும் ஒன்றாகாது.

இவ்வுண்மை தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டில் யாவரும் காண விளங்கிற்று. 1926ஆம் ஆண்டில் கரூர் வணிகர் சிலரால் தொடங்கப்பெற்ற லட்சுமி விலாஸ் பாங்கி, வாராக் கடன்களால் நலிந்து, 2020 நவம்பர் 17ஆம் நாள் அரசாங்கத்தின் தடைக்கு உட்பட்டது. வைத்திருந்தோர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்தல் ஆகாது என்று விதிக்கப்பட்டது. பத்து நாளில், நவம்பர் 27ஆம் நாள், அப்பாங்கி சிங்கப்பூரைச் சார்ந்த டி.பி.எஸ். பாங்கியின் இந்தியக் கிளையமைப்போடு இணைக்கப்பட்டது, தடையும் நீங்கிற்று. பணம் வைத்தவர் ஒரு காசும் இழந்திலர். பங்கு வைத்திருந்தோரின் முதலோ முழுதும் அழிக்கப்பட்டது. அவர்தம் பங்குகள் சந்தைப் பட்டியலினின்றே நீக்கப்பெற்றன. தம் ஊர்ப் பாங்கி என்னும் பற்றினால் அப்பங்குகளைத் தந்தையிடமிருந்து பெற்றுப் போற்றி வந்தோர்க்கு அது பேரிடியாயிற்று. சட்டம் அவர்க்கு அநீதி இழைத்ததாக நான் கருதவில்லை. எஞ்சியதே பங்காளிக்கு உரியது. அந்நாளில் எஞ்சியது ஒன்றுமில்லை.

அங்ஙனமாயின் கடன் கொடுத்தவர் நிலை எக்காலத்தும் காவலுடையதோ எனின், அன்று. நூற்றாண்டுக்கு முன்னர்ச் சென்னையில் பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்னும் மூன்று ஆங்கில வாணிகக் கம்பெனிகள் பெரும்பெயர் பெற்றிருந்தன. அவற்றுள் ஆர்பத்நாட் கம்பெனி பொதுமக்களிடம் வட்டிக்குப் பணம் பெற்று வந்தது. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், கைம்பெண்டிர், வக்கீல்கள், மிராசுதாரர் எனப் பலதிறத்தாரும் தம் வாழ்நாள் ஈட்டத்தை ஆங்கு வைத்தனர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் திங்கட்கிழமையன்று அக்கம்பெனி கதவடைத்தது. கடன் கொடுத்தோர் ஏறக்குறைய 7,000 பேர். இலண்டனில் இருந்த பங்காளி மக்பேடியன் என்பவர் அயல்நாட்டு முயற்சிகளில் பணத்தைச் சூதாட்டம்போல் இறைத்துத் தோற்றார் என்பது பின்னர் வெளிப்பட்டது. அவர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் 1907ஆம் ஆண்டில் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்றார். அவ்வழிவினின்றே வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907இல் இந்தியன் பாங்கி தோன்றிற்று என்பதும் நினைவுகூரத் தக்கது. வைத்தோர் செய்த பிழை கடன் கொடுத்ததன்று. கணக்கைக் காணாது பெயரைக் கண்டு கொடுத்ததும், உள்ளதனைத்தையும் ஓரிடத்தே கொடுத்ததுமேயாம். இந்நாளில் பாங்கி வைப்புக்கு ஒருவர்க்கு ஒரு பாங்கியில் 5 இலட்ச ரூபாய் வரை காப்புறுதி உண்டு. இவ்வரம்பு 2020 பெப்ரவரியில் ஒரு இலட்சத்தினின்று உயர்த்தப்பட்டது. அவ்வரம்புக்கு மேற்பட்டதைக் காப்பது அந்தந்தப் பாங்கியின் நேர்மையும் திறமையுமே.

நிற்க. "பத்து ரூபாய்ப் பங்கு மலிவு, இலட்ச ரூபாய்ப் பங்கு கிராக்கி, ஏழைக்கு ஏற்றது பத்து ரூபாய்ப் பங்கன்றோ?" என்பது மற்றொரு வினா. இது பெரும்பிழைக்கு இடமாவது. சென்னை எம்.ஆர்.எப். கம்பெனியின் பங்கு ஒன்று 2023 ஜூன் 13ஆம் நாள் ஒரு இலட்ச ரூபாயைக் கடந்தது. அக்கம்பெனியின் பங்குகள் மொத்தமும் 42 இலட்சத்துச் சொச்சமே. ஆகவே சந்தை அக்கம்பெனி முழுமைக்கும் அன்று இட்ட விலை 42,400 கோடி ரூபாயளவினது. பிறிதொரு கம்பெனி 5,000 கோடிப் பங்குகளை வெளியிட்டிருப்பின், பங்கொன்று பத்து ரூபாயே ஆயினும், கம்பெனியின் விலை 50,000 கோடியாகின்றது. இவ்விரண்டனுள் எது கிராக்கி? ஒரு பலாப்பழத்தைப் பத்துத் துண்டாக்கினாலும் நூறு துண்டாக்கினாலும் பழம் பெரிதாவதில்லை. துண்டின் விலையை அன்று, முழுப்பழத்தின் விலையை அதனுள் இருக்கும் சுளையோடு ஒப்பிடுதலே முறை. சுளையாவது, கம்பெனி ஆண்டுதோறும் உண்மையாக ஈட்டும் இலாபம்.

இக்கம்பெனியைத் தோற்றுவித்தவரின் வரலாறு மிஷன் கல்லூரி மாணவர்க்கு ஆர்வமூட்டுவதாகலின் சிறிது விலகிக் கூறுகின்றேன். கே.எம். மம்மன் மாப்பிள்ளை என்பவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர். அவர் குடும்பத்தினர் நடத்திய திருவிதாங்கூர் நேஷனல் அண்டு கொல்லம் பாங்கி 1938ஆம் ஆண்டில் வீழ்ந்தது. செல்வக் குடும்பம் வறுமையுற்றது. அவர் 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னாளில் மோட்டார் டயர் செய்யும் பெருந்தொழிலாயிற்று. 1946இல் அக்கொட்டகையைக் கண்ட எவரும், ஈதொரு நாள் இந்நிலை எய்தும் என்று கூறியிருத்தல் அரிது.

இனி, கம்பெனியை எங்ஙனம் ஆராய்வது? ஆண்டறிக்கையைப் படிக்கவேண்டும் என்பர். அது நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஏடு; கணக்கு நூல் பயிலாதார்க்கு அச்சந் தருவது. ஆயினும் நம் ஊரில் ஒரு கடையை விலைக்கு வாங்குவோர் என்னென்ன வினவுவாரோ அவற்றையே அவ்வேட்டிலும் வினவினால் போதும். பத்தாண்டுகளில் இலாபம் வளர்ந்ததா, ஓராண்டு மட்டும் பொங்கி எழுந்ததா? ஏட்டில் எழுதிய இலாபம் கல்லாப்பெட்டியில் பணமாக வந்ததா, வராக் கணக்காக நின்றதா? கடன் எவ்வளவு, அதன் வட்டியைக் கட்ட இலாபத்தில் எத்துணைக் கூறு செல்கின்றது? முதலாளிகள் தம் பங்கை அடகு வைத்துள்ளனரா? இறுதியாகக் கூறிய செய்தி மூன்று திங்களுக்கு ஒருமுறை சந்தைக்கு அறிவிக்கப்படுகின்றது, எவரும் காணலாம். தன் கடையின் சாவியையே அடகு வைத்தவரிடம் கடைக்கூறு வாங்க நாம் தயங்குவோமன்றோ?

இவையனைத்தையும் செவ்வனே ஆராய்ந்தோரும் ஏமாந்ததுண்டு. ஐதராபாத்துச் சத்தியம் கம்பெனியின் தலைவர் 2009 ஜனவரி 7ஆம் நாள் ஒரு கடிதம் எழுதி, கணக்கில் காட்டிய பாங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உள்ளதே அன்று என்று ஒப்புக்கொண்டார். தணிக்கையாளர் கையொப்பமிட்ட கணக்கு அது. அன்று ஒரு நாளிலேயே அதன் பங்கு 179 ரூபாயினின்று 40 ரூபாயளவுக்கு வீழ்ந்தது. ஆகவே ஆராய்ச்சி இன்றியமையாததாயினும், அது மட்டும் காவலாகாது. பொய்க்கணக்கும் தப்பி நுழையக்கூடும் என்பதை முன்னரே கொண்டு, அது நுழைந்தாலும் குடும்பம் சாயாதவாறு முதலைப் பகுத்து வைத்தல் வேண்டும். இங்குத்தான் 'போர்ட்போலியோ' என்னும் சொல் வருகின்றது. இச்சொல் இத்தாலிய மொழியினின்று வந்தது. தாள்களைத் தாங்கும் உறை என்பது அதன் பொருள். நம் சுவடிக்கட்டு போல்வதொன்று. ஒரு கட்டில் பல ஏடுகள் இருத்தல்போல ஒருவர் வைத்திருக்கும் பலவகை முதல்களின் தொகுதி என்று கொள்க.

"எத்தனை கம்பெனி வாங்குவது?" என்று கேட்பார்க்கு ஒரு சிறு கணக்கு. நூறு ரூபாயைப் பன்னிரண்டு கம்பெனிகளில் ஒப்பப் பகிர்ந்து வைத்தோம் எனக் கொள்வோம். ஒன்று முற்றும் அழிந்தால் எட்டேகால் ரூபாயளவு போகும்; எஞ்சிய பதினொன்றும் நூற்றுக்கு ஒன்பது வளர்ந்தால் ஏறத்தாழப் பழைய நிலை மீளும். நூறும் ஒன்றிலே இருந்திருப்பின் மீட்சிக்கு வழியில்லை. இதனால் பன்னிரண்டு என்பதே மந்திர எண் என்று எண்ணற்க. எண்ணிக்கையினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. அதற்கு நம் ஊரே தக்க சான்று.

கிரிவலப் பாதையில் ஒருவர்க்கு ஒரு தங்கும் விடுதியும், ஒரு சிற்றுண்டிக் கடையும், ஒரு பூசைப்பொருட் கடையும் உள்ளன என்று கொள்வோம். அவர் தமக்கு மூன்று தொழில் உண்டு என்று மகிழ்வார். மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கும் வைப்பார். 2020 மார்ச்சு முதல் ஏறக்குறைய ஈராண்டுக் காலம் கொரோனா நோய் காரணமாகப் பௌர்ணமிக் கிரிவலம் தடைப்பட்டது. பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையும் வெறிச்சோடிற்று. அன்றே விடுதியும் அடைபட்டது, அடுப்பும் அணைந்தது, கற்பூரமும் விலைபோகவில்லை. மூன்று தொழில் என்று அவர் எண்ணியவை ஒரே நிலவை நம்பிய ஒரே தொழிலாயிருந்தன. அதே காலத்தில் நிலக்கடலை பயிரிட்ட சிறு நிலமொன்று அவர்க்கு இருந்திருப்பின், அதன் வருவாய் சிறிதாயினும் கிரிவலத் தடையால் நின்றிராது. ஒரே ஏரியின் நீரை உண்ணும் பத்து வயல்கள் ஏரி வற்றினால் பத்துமே காயும். கிணற்றுப் பாசனமுள்ள பதினோராவது வயலே அவ்வாண்டு சோறு போடும். அமெரிக்க அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் எழுதிய கட்டுரையில் கணித முறையால் நிறுவியதும், அதற்காக 1990இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றதும் இக்கருத்துக்கே. தனித்தனிப் பங்கின் ஏற்ற இறக்கத்தை மட்டும் நோக்காது, ஒன்று இறங்கும்போது மற்றொன்றும் உடன் இறங்குமா என்பதை நோக்குக என்றார் அவர்.

இதனை நம் இல்லத்துக்குப் பொருத்திக் காண்போர் சிலரே. ஒருவருடைய முதல் தொகுதியில் மிகப்பெரிய ஏடு அவருடைய தொழிலேயாம். அது பங்குப் பட்டியலில் எழுதப்படுவதில்லை ஆதலின் மறக்கப்படுகின்றது. விடுதி நடத்துவோர், தமக்குத் தெரிந்த தொழில் என்று ஓட்டல் கம்பெனிப் பங்கையே வாங்குவராயின், 2020இல் கடையும் பங்கும் ஒருங்கே வீழக் கண்டிருப்பர். பாங்கியில் வேலை பார்ப்பவர் அப்பாங்கிப் பங்கையே சேர்த்து வைப்பின், ஒரே நாளில் சம்பளத்துக்கும் சேமிப்புக்கும் ஊறு நேரலாம். தெரிந்த தொழிலில் முதலிடுக என்று பெரியோர் கூறும் அறிவுரை நன்றே. ஆயினும் தெரிந்தது என்பது வேறு, ஏற்கெனவே அதனையே நம்பி வாழ்கின்றோம் என்பது வேறு. ஆகையால் எந்தப் பங்கு என்று கேட்குமுன், என் வீட்டு அடுப்பு எதனை நம்பி எரிகின்றது என்று கேட்டு, அதனோடு சாயாததைத் தேடுதலே முறை என்பது என் துணிபு.

தேடுதற்கு நேரமும் கல்வியும் இல்லாதவர் செய்யத்தக்கது யாது? நிப்டி என்னும் குறியீட்டில் அடங்கிய ஐம்பது பெருங்கம்பெனிகளையும் ஒருங்கே வாங்கி வைக்கும் பொது நிதிகள் உள, செலவும் குறைவு. மாதந்தோறும் ஐந்நூறு ரூபாயளவிலும் அவற்றில் சேரலாம். அவ்வைம்பதிலும் பாங்கிகளும் நிதிக் கம்பெனிகளுமே ஏறக்குறைய மூன்றிலொரு கூறு என்பதை மட்டும் அறிந்து வைத்தல் நன்று.

விலை இறங்கினால் விற்பதா, வைத்திருப்பதா என்பாரும் உளர். பம்பாய்ச் சென்செக்சு 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஒரு நாள் 8,000க்கும் கீழ் இறங்கி, 2010 நவம்பரில் மீண்டும் 21,000ஐ எய்தியது. 2020 ஜனவரியில் 42,000ஐ எட்டிப்பார்த்து, மார்ச்சு 23ஆம் நாள் 26,000க்கும் கீழே முடிந்து, அவ்வாண்டு நவம்பருக்குள்ளாகவே பழைய உயரத்தைக் கடந்தது. காத்திருந்தோர் மீண்டனர் என்று இதனைக் காட்டி ஆறுதல் கூறுவர். காத்திருக்க இயன்றவர் எவர் என்பதே வினா. 2009 தை மாதத்தில் மகளுக்குத் திருமணம் நிச்சயித்திருந்த தந்தை 2010 நவம்பர் வரை காத்திருத்தல் எங்ஙனம்? ஐந்தாண்டுக்குள் வேண்டிய பணம் பங்கில் இருத்தல் ஆகாது; அதற்கு அஞ்சலகமும் பாங்கி வைப்புமே இடம். சந்தை மீண்டாலும் தனிக்கம்பெனி ஒவ்வொன்றும் மீளும் என்பதும் இல்லை. லட்சுமி விலாஸ் பங்கைக் காத்து வைத்திருந்தோர் எத்துணை ஆண்டு காப்பினும் பயனில்லை.

விரைவில் பொருள் பெருக்க விழைவோர் இந்நாளில் பங்கையும் விடுத்து, விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயங் கட்டும் 'ஆப்ஷன்' வாணிகத்தில் புகுகின்றனர். செபி என்னும் அரசாங்கக் கண்காணிப்பு நிறுவனம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, முந்திய மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை வாணிகம் செய்த தனிமனிதருள் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். நட்டம் மொத்தம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரம் கற்றோர்க்கு இது வியப்பாகாது. வரக்கூடிய ஆக்கத்தை நோக்கிக் கையிலுள்ள முதலை இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது அங்குக் கூறப்பட்ட கருத்து. வள்ளுவர் ஊதியம் வேண்டா என்றாரில்லை. அழிவதையும் ஆவதையும் பின்னர்ப் பயக்கும் ஊதியத்தையும் ஒருங்கு வைத்து எண்ணுக என்கின்றார். உரையாசிரியர்கள் இதனை அரசன் செயலுக்கு உரைப்பினும், முதல், ஊதியம் என்னும் சொற்கள் வாணிகர் வழக்கினவே.

மாதத்துக்கு நூற்றுக்கு இவ்வளவு வட்டி என்று அளவுக்கு மீறி வாக்களிப்போர் கூட்டமும் வட தமிழ்நாட்டில் அண்மையில் பெருகிற்று. 2022இல் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குத் தொடுத்த ஆருத்ரா கம்பெனி, மாதத்துக்கு 25 முதல் 30 விழுக்காடு தருவதாகக் கூறி 2,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. மாதத்துக்கு 25 என்றால், வட்டியையும் முதலோடு சேர்த்து வரின், ஓராண்டில் ஒரு ரூபாய் பதினான்கு ரூபாய்க்கு மேலாதல் வேண்டும். அத்துணை ஈட்டும் தொழில் உலகில் எங்கேனும் உண்டோ என்று கடையில் கணக்கெழுதும் சிறுவனும் கேட்டிருப்பான். ஆசை அவ்வினாவைக் கேளாமற் செய்துவிடுகின்றது. இங்கு நாம் மேலே கண்ட முதல் வினாவையும் நினைக்க: பணம் கொடுத்தோர் கடன் கொடுத்தவரோ பங்காளியோ என்பதைக் காட்டும் முறையான பத்திரமேனும் கையில் இருந்ததா?

பத்திரம் என்றவுடன் நம்மூரில் கேட்கப்படும் இன்னொரு வினா நினைவுக்கு வருகின்றது. பாட்டனார் பெட்டியில் ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்திய காகிதப் பங்குப் பத்திரங்கள் கிடக்கின்றன; அவை செல்லுமா என்பதே அது. கம்பெனி உயிரோடு இருப்பின் செல்லும். பெயர் மாறியிருப்பினும், பிறிதொன்றோடு இணைந்திருப்பினும் உரிமை அழிவதில்லை. ஆயினும் 2019 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் காகிதப் பத்திரத்தை அப்படியே பிறர்க்கு விற்றுக் கைமாற்ற இயலாது. முதலில் வாரிசுரிமையை நிலைநாட்டி, டீமாட் கணக்கில் மின்பதிவாக மாற்றுதல் வேண்டும். ஏழாண்டு தொடர்ந்து ஈவுத்தொகையைக் கேளாதிருந்தால், ஈவும் பங்கும் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குச் சென்றுவிடும். சென்றவற்றையும் உரியவர் விண்ணப்பித்து மீட்கலாம், கட்டணமில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கம்பெனியின் பதிவாளர் யார் என்பதை அதன் ஆண்டறிக்கையிற் பார்த்து எழுதினால் போதும். இதற்கென்று பாதிப்பங்கு கேட்கும் தரகரிடம் செல்லவேண்டுவதில்லை.